நிறம் மாறும் கல்லில் ஓய்வுக்காலப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. தெரிந்தவர் ஒருவர் மூலமாக 2.3 கேரட் எடையுள்ள, பட்டை தீட்டிய அலெக்ஸாண்ட்ரைட் கல் ஒன்று விலைக்கு வருகிறது. பகலில் பச்சையாகவும் விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரியும் என்று சொல்லி வீடியோவும் அனுப்பினார். துளி மாசு கிடையாதாம், விலை இறங்கவே இறங்காதாம். அவர் காட்டும் மதிப்பீட்டுச் சான்றிதழில், கேட்கும் விலையைப்போல ஒன்றரை மடங்கு போட்டிருக்கிறது. வாங்கினால் என் ஓய்வுக்காலச் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். வாங்கலாமா?

பதில்: இந்தப் பணத்தில் வேண்டாம். காரணத்தைச் சொல்வதற்கு முன் கல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம். உங்கள் ஆசையில் தப்பில்லை, அது நிஜமாகவே அதிசயமான கல்தான்.

வைடூரியம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் இதுவும் ஒரே கனிமம், கிரைசோபெரில். அதில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் குரோமியம் வந்து உட்கார்ந்துவிட்டால் அது அலெக்ஸாண்ட்ரைட். குரோமியம் மஞ்சள் ஒளியை விழுங்கிக்கொள்ளும். பச்சையும் சிவப்பும் மட்டும் தப்பி வெளியே வரும். பகல் வெளிச்சத்தில் பச்சை தூக்கலாகவும், குண்டு பல்பு அல்லது மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சிவப்பு தூக்கலாகவும் தெரிவது அதனால்தான். ரஷ்யாவின் ஊரல் மலைப் பகுதி மரகதச் சுரங்கங்களில் 1830-களில் கிடைத்தது. பின்னாளில் இரண்டாம் அலெக்ஸாண்டராக முடிசூடிய இளவரசரின் பெயரை வைத்தார்கள்.

விலையைத் தீர்மானிப்பதில் முதல் இடம் இந்த நிற மாற்றத்துக்கு. தெளிவான பச்சையிலிருந்து தெளிவான சிவப்புக்கோ ஊதா கலந்த சிவப்புக்கோ மாறினால் உயர்தரம். மங்கிய பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறுகிற கல்லும் இதே பெயரில்தான் விற்கும், ஆனால் இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இதை வீடியோவில் பார்த்து முடிவு செய்ய முடியாது. செல்போன் கேமரா வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். எல்.இ.டி விளக்குகளும் வகைக்கொரு விதமாகக் காட்டும். கல்லைக் கையில் வாங்கி ஜன்னலோரம் ஒருமுறை, மெழுகுவர்த்தி அருகில் ஒருமுறை பாருங்கள்.

அப்புறம் பட்டை. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் திசைக்கொரு நிறம் தெரியும். நிற மாற்றம் மேல்முகத்தில் நன்றாக விழும் திசை பார்த்துத்தான் பட்டை தீட்டுபவர் கல்லை அமர்த்த வேண்டும். அப்படிச் செய்தால் சில சமயம் எடை நிறையப் போய்விடும். விலையோ கேரட் கணக்கு, ஒரு கேரட் என்பது 0.2 கிராம். எடையைக் காப்பாற்ற அடிவயிற்றைப் பருமனாக விட்டுவிடுவது தொழிலில் சகஜம். மேலிருந்து பார்த்தால் சின்னதாகத் தெரிந்து, தராசில் மட்டும் கனக்கிற கல் என்றால் நீங்கள் தொப்பைக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தத் 'துளி மாசு கிடையாது'. இந்த எடையில், பளிச்சென்று நிறம் மாறி, உள்ளே சுத்தமாகவும் இருக்கும் இயற்கைக் கல் மிக அபூர்வம். ஆய்வகத்தில் வளர்த்த அலெக்ஸாண்ட்ரைட் 1970-களிலிருந்தே விற்பனையில் இருக்கிறது. வேதியியல்படி அதுவும் அசல்தான், வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் விலை எங்கோ கீழே. அதைவிட மலிவானது வனேடியம் என்ற உலோகம் கலந்த செயற்கைக் குருந்தக் கல் (மாணிக்கமும் நீலமும் சேர்ந்த கனிம வகை). சாம்பல் நீலத்திலிருந்து ஊதா இளஞ்சிவப்புக்கு மாறும் அதையும் கூசாமல் இதே பெயரில் விற்கிறார்கள்.

அவர் காட்டும் சான்றிதழ் இதற்கெல்லாம் பதில் சொல்லாது. மதிப்பீட்டுத் தாளில் இருப்பது பெரும்பாலும் காப்பீட்டுக்கான தொகை, அதாவது தொலைந்தால் கடையில் புதிதாக வாங்க ஆகும் செலவு. விற்கப் போனால் அந்தத் தொகையை யாரும் தரமாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது ஜி.ஐ.ஏ, குபெலின், எஸ்.எஸ்.இ.எஃப் மாதிரியான சுயேச்சையான ஆய்வகத்தின் அறிக்கை. இயற்கையா செயற்கையா, ஏதாவது நிரப்பிச் சரிக்கட்டியிருக்கிறார்களா என்பதை அது சொல்லும். விலையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது, அதுதான் அதன் நேர்மை.

சரி, கல் அசல், தரமும் உயர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு இடிக்கிறது. நீங்கள் வாங்குவது சில்லறை விலையில். விற்கப்போவது வியாபாரியிடம், அவர் தன் லாபத்தைக் கழித்துத்தான் கேட்பார். 100 கொடுத்து வாங்கியதை மறுநாளே 60-க்குத்தான் கேட்கிறார்கள் என்று வையுங்கள். போட்ட முதல் திரும்பி வரவே விலை 67 சதவீதம் ஏற வேண்டும். ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினாலும் கிட்டத்தட்ட 9 வருடம். அதுவரை வட்டியும் வராது, டிவிடெண்டும் வராது. லாக்கர் வாடகையும் காப்பீட்டுப் பிரீமியமும் கையை விட்டுப் போகும். அவசரத்துக்குக் கால்வாசிக் கல்லை வெட்டி விற்கவும் முடியாது.

'அரிய கல், அதனால் விலை இறங்காது' என்பதும் சரியில்லை. 1945-இல் டப்ளினில் ரிச்சர்ட் டாஃபே என்பவர் பழைய பட்டை தீட்டிய கற்களை வாங்கினார். ஸ்பைனல் என்ற வேறொரு ரத்தினக் கல் என்று நினைத்த ஒன்று புதிய கனிமமாக இருந்தது. டாஃபைட் என்று பெயரிட்டார்கள். அலெக்ஸாண்ட்ரைட்டைவிடப் பல மடங்கு அரிது, ஆனால் அதன் பெயர் தெரிந்தவர்களே கொஞ்சம். தேடி வாங்க ஆள் குறைவு என்றால் விற்பவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வரத்தும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 1987-இல் பிரேசிலின் ஹெமாட்டிட்டாவில் தரமான அலெக்ஸாண்ட்ரைட் திடீரென்று நிறையக் கிடைத்தது. அடுத்த சுரங்கம் எப்போது திறக்கும் என்பது உங்கள் நண்பருக்கும் தெரியாது.

கல் மனதை விட்டுப் போகவில்லை என்றால், இழந்தாலும் தூக்கம் கெடாத தொகையை ஒதுக்கி, ஒரு கேரட்டுக்கும் குறைவான, நன்றாக நிறம் மாறுகிற கல்லாகத் தேடுங்கள். எடை கூடக் கூட கேரட்டுக்கான விலையே ஏறும் என்பதால் சின்னக் கல்லில் உங்கள் பணத்துக்கு நல்ல நிறம் கிடைக்கும். வைரத்துக்கு 10 என்று வைக்கும் மோஸ் அளவுகோலில் இதன் கடினத்தன்மை 8.5, மோதிரமாகத் தினமும் போடலாம். இந்த 2.3 கேரட் கல்தான் வேண்டும் என்றால், முன்பணம் கொடுக்காமல், உங்கள் செலவிலேயே ஆய்வகத்துக்கு அனுப்பச் சம்மதமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.