ஒன்பது தலை எதற்கு, எட்டு மடிப்பு போதுமே!

கேள்வி: திருபுவனத்தில் வீட்டுத் திண்ணையை ஒட்டித் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாண பிளவுஸ் தைக்க வருபவர்களுக்கு, துணியை வெட்டுவதற்கு முன் படமாக வரைந்து காட்ட ஆசை. வீடியோ பார்த்து ஒன்பது தலை உயரத்தில் உருவம் போடப் பழகினேன். படம் எப்போதும் ஒரு பக்கமாகச் சரிந்து விழுவது போலவே வருகிறது. போன மாதம் ஒரு அம்மா, "படத்துல கை குட்டையா இருந்துச்சே, நீளமா தச்சுட்டியேம்மா" என்று சண்டைக்கு வந்துவிட்டார். எங்கே தப்பு?

பதில்: முதலில் அந்தச் சண்டையைத் தீர்த்துவிடுவோம். அந்த அம்மா சொன்னது நியாயம்தான். உங்கள் தையலில் கோளாறு இல்லை, படம்தான் பொய் சொல்லியிருக்கிறது.

சராசரி மனிதரின் உயரம் அவரவர் தலையைப் போல ஏழு, ஏழரை மடங்கு. தலை என்றால் உச்சியிலிருந்து தாடை வரை. ஃபேஷன் படம் போடுபவர்கள் அதை ஒன்பதாக, சிலர் பத்தாகவும் நீட்டுகிறார்கள். அந்தக் கூடுதல் நீளம் கிட்டத்தட்ட முழுவதும் காலுக்குத்தான் போக வேண்டும், அதிலும் முழங்காலுக்குக் கீழே. கழுத்தில் கொஞ்சம் கூட்டுவார்கள். தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் கை வைக்க மாட்டார்கள். புதிதாகப் பழகுபவர்கள் ரப்பரை இழுப்பது போல உடம்பு முழுவதையும் இழுத்துவிடுகிறோம். கையும் சேர்ந்து நீண்டுவிடுகிறது. நீண்ட கையின் மேல் பத்து அங்குல ஸ்லீவ் குட்டையாகத்தான் தெரியும். அந்த அம்மா அதைப் பார்த்துத்தான் தலையாட்டியிருப்பார்.

தரையைத் தொடும் கவுனுக்கு ஒன்பது தலை அழகு. பிளவுஸ் விற்பவருக்கு அது வேண்டாத வேலை. நீங்கள் எட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எட்டில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 24 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை வெட்டி, பாதியாக மடித்து, மறுபடி பாதி, மறுபடி பாதி என்று மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டம் வந்துவிடும். ஸ்கேலே வேண்டாம். பக்கத்தில் சுவாமிமலையில் ஸ்தபதிகள் செய்வதும் இதுதானே! சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துத்தான் அங்கங்களின் அளவைக் குறித்துக்கொள்கிறார்கள்.

பட்டையைத் தாளின் ஓரத்தில் வைத்துக் குறியுங்கள். முதல் மடிப்பில் தாடை. ஒன்றரைக்குச் சற்று மேலே தோள். இரண்டில் மார்பு. மூன்றில் இடுப்பு, முழங்கையும் அதே மட்டம். நான்கில் தொடை பிரியும் இடம், மணிக்கட்டும் அங்கேதான் வந்து நிற்கும். ஆறில் முழங்கால். எட்டில் பாதம். முகத்தைக் கடைசியாக வரையுங்கள். படிக்கிற காலத்தில் நான் அரை மணி நேரம் கண்ணையும் புருவத்தையும் இழைத்துவிட்டு, கீழே வந்து பார்த்தால் பாதம் போடத் தாளில் இடமே இருக்காது.

இனி உங்கள் அளவு நோட்டை எடுங்கள். வாடிக்கையாளர் 5 அடி 2 அங்குலம், அதாவது 62 அங்குலம். எட்டால் வகுத்தால் ஒரு மடிப்புக்கு ஏழே முக்கால், எட்டு என்றே வைத்துக்கொள்ளலாம். ஆக, தாளில் ஒரு மடிப்பு அவருடைய உடம்பில் எட்டு அங்குலம். பத்து அங்குலக் கை என்றால் தோளிலிருந்து ஒன்றேகால் மடிப்பு, முழங்கைக்குக் கொஞ்சம் மேலே முடியும். அந்த இடத்தில் கோடு போட்டுக் காட்டினால் அப்புறம் சண்டைக்கு வழியில்லை. அகலத்தையும் அதே கணக்கில் போடுங்கள். ஒல்லியாக வரைந்து காட்டினால் அப்போதைக்கு மகிழ்வார்கள், பிளவுஸைப் போட்டுப் பார்க்கும்போது முகம் வாடிவிடும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்வதால். சிற்ப சாஸ்திரத்தில் வரும் தச தாளம் என்ற உயர அளவைப் பத்துத் தலை என்று எடுத்துக்கொண்டு, 'நம்மூர்ச் சிலையே ஃபேஷன் உருவம்தான்' என்பார்கள். தாளம் என்பது தலை அல்ல, முகம். நெற்றி முடியோரத்திலிருந்து தாடை வரை. உள்ளங்கையை முகத்தில் வைத்துப் பாருங்கள், மணிக்கட்டு தாடையில் இருந்தால் நடுவிரல் நுனி முடியோரத்தைத் தொடும். அந்த நீளம்தான். உச்சியையும் சேர்த்துத் தலையாக அளந்தால் தச தாளச் சிலையும் ஏழரை, எட்டுக்குள் வந்து நின்றுவிடும்.

சரிந்து விழும் விஷயத்துக்கு வருவோம். கடையில் நூலும் பட்டனும் இருக்கின்றன அல்லவா? ஒரு முழ நூலில் கனமான பட்டனைக் கட்டுங்கள், கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி. படத்தைச் சுவரில் ஒட்டி, நூலை உருவத்தின் கழுத்துக்குழியில் பிடித்துத் தொங்க விடுங்கள். ஒரு காலில் எடையைப் போட்டு நிற்கும் உருவமானால் பட்டன் அந்தக் காலின் பாதத்துக்கு வர வேண்டும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் இரண்டுக்கும் நடுவில். வெளியே போய் நின்றால் படம் விழுகிறது என்று அர்த்தம். உங்கள் பழைய படங்களில் பட்டன் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள், சிரிப்பு வரும்.

இடுப்பையும் தோளையும் இணைகோடாகப் போடுவது அடுத்த தப்பு. ஊன்றிய கால் பக்கம் இடுப்பு உயரும், அதே பக்கம் தோள் தாழும். அந்தப் பக்கத்து விலா சுருங்கும், மறுபக்கம் நீளும். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் காலத்து அம்மன் செப்புத் திருமேனிகளின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். திரிபங்கம், அதாவது உடம்பு மூன்று இடத்தில் வளைந்து நிற்கும் நிலை என்று சொல்லி விளக்குவதைவிட அது சீக்கிரம் புரியும். பிறகு கும்பகோணம் பேருந்து நிலையத்தில் காத்திருப்பவர்களை ஆளுக்கு ஒரு நிமிடம் என்று கிறுக்கிப் பழகுங்கள். இடுப்பில் குழந்தையோ குடமோ வைத்திருப்பவரை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பாரத்தை ஈடுகட்ட உடம்பு எதிர்ப்பக்கம் சாயும், பட்டன் கணக்கு அங்கே பொய்த்துப் போகும்.

நின்ற உருவத்துக்குச் சேலை உடுத்துவது எளிது. துணி எங்கே பிடிபட்டிருக்கிறதோ அங்கிருந்துதான் மடிப்பு கிளம்பும்: தோளில் பின் குத்திய இடம், உயர்ந்த இடுப்பு, கொசுவம் செருகிய இடம். கொசுவத்தை ரயில் தண்டவாளம் போல இணையாக இறக்காதீர்கள், செருகிய இடத்தில் நெருங்கிக் கீழே விரியட்டும். கூறைநாட்டுக் கட்டம் போட்ட சேலை ஒன்று கிடைத்தால் அதை யாருக்காவது உடுத்தி வரைந்து பழகுங்கள். கட்டக் கோடு இடுப்பைச் சுற்றி வளைவது கண்ணுக்கு நேராகத் தெரியும். வெற்றுப் பட்டில் அது தெரியாது.

கடைசியாக, வீடியோக்களில் அதிகம் சொல்லாத ஒன்று. உங்களிடம் வருபவர்கள் கேட்பதில் பாதி முதுகு டிசைன்தானே? முன்பக்க உருவம் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று என்று இரண்டை மட்டும் நன்றாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் அதன் மேல் பட்டர் பேப்பரை வைத்து அவருடைய அகலத்துக்குப் பிளவுஸை வரைந்தால் போதும். முதுகுப்பக்கம் கழுத்துக்குழி தெரியாது. தலையைக் குனிந்தால் பிடரியில் துருத்தும் எலும்பு இருக்கிறதே, நூலை அங்கே பிடியுங்கள். எட்டு அங்குல ஆழக் கழுத்து என்றால் தோளிலிருந்து சரியாக ஒரு மடிப்பு இறக்கம். சடையை முன்பக்கம் எடுத்துப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நாடாவும் குஞ்சமும் அதற்குள்ளேயே மறைந்துபோகும்.