ஆர்.பி.என்னா, ஆர்.என்னா: ஒன்ராறியோவில் தாதியாக விரும்பும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

எட்டு மாதங்களுக்கு முன் ஒன்ராறியோ வந்து சேர்ந்ததாகவும், உயிரியல் பிரிவில் உயர்தரம் முடித்திருப்பதாகவும், 26 வயதாகிவிட்டதால் தாதியர் படிப்புக்குக் காலம் கடந்துவிட்டதோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பி.எஸ்.டபிள்யூ (பராமரிப்பு உதவியாளர்) பயிற்சி முடித்து உடனே உழைக்கும்படி ஓர் உறவினர் சொல்கிறார், இரண்டு வருட ஆர்.பி.என் (டிப்ளோமா படித்த பதிவுத் தாதி) போதும் என்கிறார் இன்னொருவர், ஆர்.என் (பட்டம் படித்த பதிவுத் தாதி) இல்லையென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்கிறார் மூன்றாமவர். படிப்பு முடிந்ததும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவில் சேரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் இந்த மூன்று படிகளிலும் நின்று வேலை செய்தவள். 2006 இல் வந்தேன். 2007 இல் பி.எஸ்.டபிள்யூ, 2010 இல் ஆர்.பி.என், 2016 இல் ஆர்.என். ஆகவே எனக்குத் தெரிந்ததை, நான் பிழைவிட்ட இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். என்னோடு ஆர்.பி.என் படித்தவர்களில் பாதிப் பேர் 30 வயதைத் தாண்டியவர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோ தாதியர் கல்லூரி என்ற பெயரைக் கேட்டு அது படிக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அது இந்த மாகாணத்தில் தாதியரைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு. ஆர்.என், ஆர்.பி.என் இருவரும் அங்கேதான் பதிகிறார்கள், இருவருமே தாதியர்தான்; பி.எஸ்.டபிள்யூ என்பது தாதிமைப் பதிவு அல்ல, பராமரிப்புப் பணி. புதிதாக ஆர்.என் ஆக வருபவருக்கு 2005 முதல் நான்கு வருடப் பட்டம் கட்டாயம், ஆர்.பி.என் ஆவதற்கு இரண்டு வருட டிப்ளோமா. இருவரின் வேலைக்கும் இடையிலுள்ள கோடு, ஊசி போடலாமா கூடாதா என்பது போன்றதன்று. நோயாளியின் நிலை எவ்வளவு சிக்கலானது, அடுத்து என்ன நடக்கும் என்று எவ்வளவு ஊகிக்க முடியும், அந்தத் தாதிக்கு என்ன தெரியும், உதவிக்கு அருகில் யார் இருக்கிறார்கள் என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தே யார் பார்ப்பது என்று தீர்மானிக்கப்படுகிறது. நிலை தளம்பத் தொடங்கினால் ஆர்.பி.என், ஆர்.என் ஒருவரோடு கலந்து செயற்பட வேண்டும், தேவையானால் நோயாளியை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். (பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற மேற்கு மாகாணங்களில் ஆர்.பி.என் என்றால் உளநலத் தாதி என்று பொருள். அங்குள்ள உறவினர் சொல்வதை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.)

எந்தப் பாதை என்பதற்கு என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நான்கு வருடம் முழுநேரமாகப் படிக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்குமானால் நேரே பட்டத்துக்கே விண்ணப்பியுங்கள். ஆர்.பி.என் முடித்துப் பின்னர், ஆர்.பி.என்களைப் பட்டத்துக்குக் கொண்டுபோகும் இணைப்புப் படிப்பால் ஆர்.என் ஆகலாம் என்பது உண்மை. ஆனால் அந்த இடங்களுக்குப் போட்டி அதிகம், அதற்குள் வேலை, திருமணம், பிள்ளை, வீட்டுக் கடன் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும், நான் போனது போல ஆறு வருடம் இழுபடும். குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ஆர்.பி.என் எடுங்கள், அது எந்த வகையிலும் தாழ்வான தெரிவு அல்ல. பி.எஸ்.டபிள்யூ வேலை, ஒரு முதியவரை வலிக்காமல் புரட்டிப் படுக்க வைக்கவும், உடல் கழுவிவிடும்போது முதுகுத் தோலில் சிவப்புத் தெரிகிறதா என்று கவனிக்கவும் கற்றுத் தரும். அந்தக் கை பின்னர் எங்கும் உதவும். ஆனால் அதைப் படிப்புக்கு முந்திய கட்டாயப் படியாக நினைக்க வேண்டாம். இரண்டு இடங்களில் வேலை எடுத்து, அடுத்த வருடம் படிப்போம் என்று சொல்லிச் சொல்லியே பத்து வருடம் கடந்துபோன என் தோழிகள் சிலரை எண்ணி இன்றும் மனம் கனக்கிறது.

செலவுக்கு, நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களும் பாதுகாக்கப்பட்டவர் என்ற நிலை பெற்றவர்களும் ஓசாப் என்ற மாகாண மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ரொறன்ரோவை விட்டு வெளியே போகத் தயார் என்றால், 2023 இல் தொடங்கிய 'லேர்ன் அண்ட் ஸ்டே' நிதியைக் கட்டாயம் பாருங்கள்: வடக்கு, கிழக்கு, தென்மேற்குப் பகுதிகளில் குறிப்பிட்ட தாதியர் படிப்புகளுக்குக் கல்விக் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் அது ஏற்கிறது, பதிலுக்கு, நிதி பெற்ற ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஆறு மாதம் அதே பகுதியில் வேலை செய்ய வேண்டும். நம்மவர்கள் நகரத்தை விட்டுப் போகத் தயங்குவதால் இதைப் பெரும்பாலும் விசாரிப்பதே இல்லை.

படிப்பில் உங்களுக்கு உடற்கூறு பெரிய தடையாக இராது. மருந்துக் கணக்கில் கவனமாக இருங்கள். அந்தப் பரீட்சைக்குப் பல கல்லூரிகளில் சாதாரண சித்திப் புள்ளி போதாது. பிளேஸ்மென்ட் (வைத்தியசாலையில் செய்முறைப் பயிற்சி) தொடங்குமுன் தடுப்பூசிப் பதிவு, பொலிஸ் சான்றிதழ், என்95 முகக்கவசப் பொருத்தச் சோதனை, சி.பி.ஆர் (இதயம் நின்றவருக்கான முதலுதவி) சான்று எல்லாம் கேட்பார்கள். ஒரு தாள் குறைந்தாலும் வைத்தியசாலைக்குள் விடமாட்டார்கள் என்பதால் முன்கூட்டியே சேகரியுங்கள். பதிவுப் பரீட்சை ஆர்.என்னுக்கு என்க்ளெக்ஸ், ஆர்.பி.என்னுக்கு 2022 முதல் ரெக்ஸ்-பி.என். இரண்டும், நீங்கள் விடையளிப்பதைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தெரிவுசெய்யும் கணினிப் பரீட்சைகள். நான் எழுதியபோது என்க்ளெக்ஸ் 75 ஆவது கேள்வியோடு நின்றுவிட்டது. தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன், சித்தியடைந்திருந்தேன். இன்று அது 85 முதல் 150 கேள்விகள் வரை போகலாம். நான்கு நோயாளிகளில் யாரை முதலில் போய்ப் பார்ப்பாய் என்பது போன்ற கேள்விகள் நிறைய வரும் என்பதால், பாடமாக்கிப் பழகிய நாங்கள் இதற்கென்று தனியாகப் பயில வேண்டியிருக்கிறது.

இனி, நீங்கள் கடைசி வரியில் கேட்டதும் எனக்கு மிக முக்கியமாகப் படுவதுமான முதல் வேலைக்கு வருகிறேன். ஆர்.பி.என் பதிவு கிடைத்ததும் எனக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன. ஒன்று வைத்தியசாலையில் பகுதிநேரம். மற்றது ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் முழுநேர மாலை வேலை. நான் முழுநேரத்தை எடுத்தேன். அங்கே எனக்குக் கிடைத்த பழகுகாலம் இரண்டே நாள். மூன்றாம் நாள் 32 பேர் வாழும் தளம் ஒன்று என் பொறுப்பில். கட்டடம் முழுவதற்கும் இருந்த ஒரே ஆர்.என் வேறு தளத்தில். இரண்டாம் மாதத்தில் ஒரு மாலை, ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவர் அடுத்தடுத்த அறைகளில் இருக்க, ஒருவருடைய இரத்த அழுத்த மாத்திரையை மற்றவருக்குக் கொடுத்துவிட்டேன். கைப்பட்டியைப் பார்க்காமல் முகத்தை நம்பியது என் பிழை. உடனே ஆர்.என்னை அழைத்துச் சொன்னேன், வைத்தியருக்கும் குடும்பத்துக்கும் அறிவித்தோம், இரவு முழுவதும் அவருடைய அழுத்தத்தை அளந்துகொண்டிருந்தேன். காலையில் அவர் நலமாகவே எழுந்தார். அந்த இரண்டு மாதத்தில் என் சந்தேகங்களைக் கேட்க ஒருவர்கூட அருகில் இருக்கவில்லை என்பதும், கேட்காமலே செய்து முடிப்பதைத் திறமை என்று நான் நம்பத் தொடங்கியிருந்தேன் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த வருடம் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைத் தளம் ஒன்றில் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். ஓர் இரவு, குடல் அறுவை முடிந்து மூன்றாம் நாளான ஒரு பெரியவர் என் பொறுப்பில் இருந்தார். அழுத்தம் 118க்கு 70, காய்ச்சல் இல்லை, கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்கிறார். ஆனாலும் ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இருபது வருட அனுபவமுள்ள ஆர்.என் ஒருவர் அருகில் இருந்தார். வெட்கப்பட்டுக்கொண்டுதான் கேட்டேன். அவர் வந்து போர்வையை விலக்கிப் பெரியவருடைய பாதத்தைத் தொட்டார், பின்னர், "மூச்சை முழு நிமிடம் எண்ணினீர்களா?" என்று கேட்டார். எண்ணினேன்: மாலையில் 18 ஆக இருந்தது 26 ஆகியிருந்தது. சிறுநீர் சேரும் குழாய்ப் பையில் இரண்டு மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றரே இருந்தது, பாதம் குளிர்ந்திருந்தது. அழுத்தம் விழுவதற்கு வெகுமுன்பே மூச்சு வேகமெடுக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன்; அன்றுதான் கையால் அறிந்தேன். வைத்தியரை அழைக்குமுன், என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும் என்று, எஸ்பார் எனப்படும் தகவல் சொல்லும் ஒழுங்கில் ஒரு தாளில் எழுத வைத்து, என்னையே பேசவும் வைத்தார். நோயாளியின் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார், நான் அருகில் நின்றேன். விடியுமுன் குடலில் தையல் போட்ட இடத்தில் கசிவு என்று கண்டு மறுபடி அறுவை செய்தார்கள். சில வாரங்களில் அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஆகவே, அவசரப் பிரிவா, தீவிர சிகிச்சைப் பிரிவா, பொதுத் தளமா என்பதைவிட, முதல் வருடத்தில் உங்கள் அருகில் யார் நிற்பார் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். பொதுத் தளத்தில் ஒரு வருடம் இருந்தே ஆக வேண்டும் என்ற பழைய சொல்லை நான் முழுதாக ஏற்கவில்லை. நீண்ட பழகுகாலமும் பொறுமையான பிரிசெப்டரும் (அருகிலிருந்து பழக்கும் மூத்த தாதி) கிடைத்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் தொடங்கியவர்களும் நன்றாக வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். நேர்முகத்தில் கேளுங்கள்: எத்தனை வேலைநாட்கள் பிரிசெப்டரோடு இருப்பேன், இரவில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளிகள், அந்தத் தளத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் அனுபவமுள்ளவர்கள் இரவிலும் இருப்பார்களா, நோயாளி திடீரென்று மோசமானால் அழைக்க ஒரு துரித உதவிக் குழு உண்டா. இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில், முழுநேரம் தந்தாலும் தொடங்காதீர்கள். முதல் வருடத்தில், பல இடங்களுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி வேலையும் வேண்டாம். மணித்தியாலச் சம்பளம் கூடும், ஆனால் ஒவ்வொரு நாளும் புது இடத்தில் உங்களை யாரும் அறியமாட்டார்கள். வைத்தியசாலையில் பகுதிநேரமாகத் தொடங்குவது வழமை. தொழிற்சங்கம் உள்ள இடங்களில் சேவை மூப்புச் சேரச் சேர முழுநேர இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது அது கைகொடுக்கும்.

இதற்கான வாசல் படிக்கும்போதே திறக்கிறது. கடைசித் தவணையின் நீண்ட பிளேஸ்மென்ட் எந்தத் தளத்திலோ, பலர் அங்கேயே வேலைக்கு எடுக்கப்படுகிறார்கள். மாணவியாக இருக்கும்போதே எக்ஸ்டேர்ன் (சம்பளம் பெறும் மாணவப் பணியாளர்) ஆக எடுக்கும் வைத்தியசாலைகளும் உண்டு. மேற்பார்வையோடு சம்பளமும் கிடைக்கும் அந்த வேலை, பி.எஸ்.டபிள்யூ வேலையை விட உங்கள் படிப்புக்கு நெருக்கமானது.

உயர்தர வேதியியலில் சாதாரண சித்திதான் என்று எழுதியிருந்தீர்கள். கல்விச் சபைகளின் வளர்ந்தோர் பாடசாலைகளில் 12 ஆம் வகுப்பு வேதியியலை மீண்டும் எடுக்கலாம். அந்தப் புள்ளி தாதியர் இடத்துக்குப் பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கும். பல்கலைக்கழக விண்ணப்பங்கள் ஜனவரி நடுப்பகுதியிலும், கல்லூரிகளின் முதற்சுற்று பெப்ரவரி 1 ஆம் திகதியும் முடிகின்றன. உங்கள் பெறுபேற்றுத் தாள்களை இங்குள்ள தரத்துக்கு ஒப்பிட்டு மதிப்பிடும் வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அதை இந்த மாதமே அனுப்பிவிடுங்கள். அது கைக்கு வந்ததும் எழுதுங்கள், எந்தெந்தப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா