பட்டம் வாங்கினால் மேல்தட்டா? கேள்வி பதில்

(பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர்)

கேள்வி: சார், டிகிரி முடித்தவர் மேல்தட்டு ஆள் என்று எங்கள் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: ஒரு காலத்தில் உண்மை. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபின் பல தலைமுறைகளுக்குப் பட்டதாரி என்றால் ஊருக்கு ஓரிருவர்தான். சட்டமே அவர்களைத் தனியாக வைத்தது. 1986-இல் கலைக்கப்படும்வரை தமிழக மேலவையில் பட்டதாரிகள் மட்டும் வாக்களிக்கும் தொகுதிகள் இருந்தன. கர்நாடகத்தில் இன்றும் உண்டு. ஆனால் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் (18 முதல் 23 வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் சேர்ந்திருப்பவர்கள்) 47 சதவீதம், நாடு முழுவதற்கும் 28.4. இவ்வளவு பேர் போய்வரும் இடத்துக்குப் போனதால் மட்டும் யாரும் மேல்தட்டு ஆகிவிட மாட்டார்கள்.

கேள்வி: பி.இ. முடித்துவிட்டு குரூப் 4 எழுதுகிறேன். கேவலமாகப் பார்க்கிறார்கள்.

பதில்: பத்தாம் வகுப்பு போதும் என்கிற தேர்வுதான், ஆனாலும் பட்டதாரிகள் ஏராளமாக எழுதுகிறார்கள். தைரியமாக எழுதுங்கள் தம்பி.

கேள்வி: முதல் பட்டதாரி சலுகையில் பொறியியல் படிக்கிறேன். அப்பா கொத்தனார். இனி நாங்களும் அந்த வர்க்கம்தானே சார்?

பதில்: அந்தச் சான்றிதழுக்கு என்ன கேட்டார்கள்? தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் படித்திருந்தால் அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு பலம் என்று அரசே ஒப்புக்கொண்ட திட்டம் அது. அப்பா வங்கி அதிகாரி, அத்தை சாஃப்ட்வேர் கம்பெனி மேலாளர் என்று இருக்கும் பிள்ளையும் உங்கள் வகுப்பில் அதே பட்டம்தான் வாங்கும். ஆனால் இன்டர்ன்ஷிப்புக்கு யாரைக் கேட்பது என்று அதற்குத் தெரியும். ஒரு வருடம் வேலை கிடைக்காவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும். உங்களுக்கோ முதல் சம்பளத்திலிருந்தே கடன் கட்ட வேண்டியிருக்கும். அப்படிக் காத்திருக்க முடிகிற வசதியைத்தான் நான் மேல்தட்டு என்பேன். அதைக் கல்லூரி தராது. ஆனால் கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரியைப் போடுவது என்று உங்கள் தம்பி தங்கைக்குச் சொல்ல இனி வீட்டிலேயே ஆள் உண்டு. அது பெரிய விஷயம் அப்பா.

கேள்வி: பிளஸ் டூதான் படித்தேன். பின்னலாடை கம்பெனியில் ஒரு லைனையே பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வரும் டிகிரிக்காரருக்குத்தான் பதவி. ஏன்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானதம்மா. பட்டம் யாரையும் மேலே ஏற்றுகிறதோ இல்லையோ, இல்லாதவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. குரூப் 1, வங்கி அதிகாரித் தேர்வு எல்லாவற்றுக்கும் பட்டம் கட்டாயம். அங்கே உங்கள் அனுபவத்தை யாரும் கேட்பதில்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். இப்போதைக்கு, வேலையை விடாமலே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரலாம். பிளஸ் டூ முடித்திருப்பதால் அந்தப் பட்டம் அரசு வேலைக்கும் செல்லும்.