எழுதித் தர ஆள் வேணும், வார்த்தைக்கு எவ்ளோ குடுக்கலாம்?

கேள்வி: வணக்கங்க. நானும் வீட்டுக்காரரும் காங்கேயம் பக்கத்துல மரச்செக்கு போட்டு மூணு வருஷமா ஓட்டிட்டு இருக்கோம். கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் மூணும் ஆட்டறோம். இப்ப புதுசா வெப்சைட் ஒண்ணு போட்டிருக்கோம், அதுல எழுதறதுக்கு ஆள் தேடறோம். ஒருத்தர் வார்த்தைக்கு 40 பைசாங்கறார், ஒரு பொண்ணு 2 ரூபாய்ங்குது, இன்னொருத்தர் மாசம் 15 கட்டுரை 8,000 ரூபா பேக்கேஜ், பாதி அட்வான்ஸ்ங்கறார். எழுதறதுக்குப் போய் இவ்ளோ வித்தியாசமா? யாரை எடுக்கறதுங்க?

பதில்: முதல்ல இந்த வார்த்தைக் கணக்கை விடுங்க, அது இங்கிலீஷ்ல எழுதுறவங்க வெச்ச கணக்கு, தமிழுக்கு அவ்வளவா ஒத்து வராது. "ஆட்டிக்கொண்டிருக்கிறோம்"னு சேர்த்து எழுதினா ஒரு வார்த்தை, அதையே "ஆட்டி கொண்டு இருக்கிறோம்"னு பிரிச்சுப் போட்டா மூணு. விஷயம் ஒண்ணுதான், பில்லு மட்டும் மூணு மடங்கு. பக்கத்துக்கு இவ்ளோன்னு பேசிக்கோங்க, ரெண்டு பேருக்கும் நிம்மதி.

40 பைசாக்காரர் விஷயத்துக்கு வருவோம். ஆயிரம் வார்த்தைக்கு 400 ரூபா. உங்ககிட்ட விசாரிச்சு, எழுதி, திருத்தின்னு ஒழுங்கா பண்ணினா அது ஒரு நாள் வேலை, செக்குல மூட்டை தூக்க வர்றவர்கூட 400 ரூபாய்க்கு வரமாட்டார். அப்ப அவருக்கு எப்படிக் கட்டுப்படியாகுதுன்னா ஒண்ணு வேற கடை சைட்ல இருந்து எடுத்து மாத்திப் போடுவார், இல்ல ஏஐ கிட்ட குடுத்து ரெண்டு நிமிஷத்துல வாங்கி அப்படியே அனுப்புவார். அதுக்கு நடுவுல ஆள் எதுக்கு, அதை நீங்களே பண்ணிக்கலாமே.

பேக்கேஜ் இன்னும் மோசம். மூணு எண்ணெயை வெச்சுக்கிட்டு மாசம் 15 கட்டுரைன்னா என்னத்த எழுதுவாங்க? எங்க சொந்தத்துல ஒருத்தர் மசாலாப்பொடி விக்கிறார், இப்படித்தான் மொத்தமா வாங்கிட்டு என்கிட்ட காட்டினார். முதல் வரி இதுதான்: "உயர்தர மூலப்பொருட்களைக் கொண்டு பாரம்பரிய முறையில் அன்புடன் தயாரிக்கப்படுகிறது." நான் விளையாட்டா மசாலாவை எடுத்துட்டு அந்த இடத்துல ஊறுகாய்னு போட்டேன், பொருந்துச்சு. அப்பளம்னு போட்டேன், அதுவும் பொருந்துச்சு. மனுஷன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாப் போச்சு. உங்களுக்கும் யாராவது எழுதிக் குடுத்தா இதே மாதிரி எண்ணெயை எடுத்துட்டு வேற எதையாவது போட்டுப் பாருங்க, சரியா உக்காந்துச்சுன்னா காசு வேஸ்ட்.

உண்மையில உங்க சைட்ல வர வேண்டிய விஷயம் எல்லாம் உங்க வாயிலதான் இருக்கு. கடைக்கு வர்றவங்க தினம் கேக்கறதை யோசிச்சுப் பாருங்க. கடலெண்ணெய்ல வடை போட்டா ஏன் பொங்கிட்டு நுரைக்குது, பாட்டில் அடியில ஏன் மண்டி தங்குது, எள்ளு ஆட்டும்போது எதுக்குக் கருப்பட்டி போடறீங்க, மார்கழிக் குளிர்ல தேங்காயெண்ணெய் உறைஞ்சா அது கலப்படமா. 24 டிகிரிக்குக் கீழ போனா தேங்காயெண்ணெய் உறையறது அதோட குணம்னு நீங்க ஒரு நாளைக்கு பத்து பேருக்கு வாட்ஸ்அப்ல சொல்லுவீங்க, அதைத்தான் எழுதி வைக்கணும். நீங்க செக்குகிட்ட நின்னுக்கிட்டே பேசின வாய்ஸ் மெசேஜ் நாலு அனுப்புங்க, அதை ஒழுங்குபடுத்தி உங்க பேச்சு மாறாம எழுதறதுதான் எழுதுறவங்க வேலை.

அதனால 2 ரூபா கேக்கற பொண்ணுகிட்ட ஒரே ஒரு பக்கம் மட்டும் குடுத்துப் பாருங்க, கடலெண்ணெய் பத்தி. காசு குடுத்தே வாங்குங்க, ஓசியில சாம்பிள் கேக்காதீங்க. பக்கம் எப்படி வருதுங்கறதைவிட அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு உங்ககிட்ட என்ன கேக்குதுன்னு கவனிங்க. "ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ பருப்பு பிடிக்கும்? வாகை மரச் செக்கா? வெயில்ல எத்தனை நாள் வெச்சுத் தெளிய விடறீங்க?"ன்னு கேட்டா தைரியமா மிச்சத்தையும் குடுத்துடலாம். ஒரு கேள்வியும் கேக்காம மறுநாள் காலைல ஃபைல் வந்துச்சுன்னா எனக்கு நம்பிக்கை இல்ல. எண்ணெய்க்கு ஒண்ணா மூணு பக்கம், உங்க செக்கைப் பத்தி ஒண்ணு, கேள்வி பதிலுக்கு ஒண்ணு, மொத்தம் அஞ்சு பக்கம் போதும். பக்கத்துக்கு 600 வார்த்தைன்னாலும் அந்தப் பொண்ணோட ரேட்ல 6,000 ரூபாதான் ஆகுது, அதுவும் ஒரே ஒரு தடவை செலவு. பேக்கேஜ்காரருக்கு மாசாமாசம் 8,000.

ரெண்டு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. ஒண்ணு, நம்ம 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி வெளியாள் எழுதினது காசு குடுத்தாலும் தானா உங்களோடது ஆயிடாது, எழுதினவங்க கையெழுத்து போட்டு மாத்தித் தரணும். அதுலயும் எத்தனை வருஷத்துக்குன்னு போடலைன்னா 5 வருஷம்தான், எந்தெந்த நாட்டுக்குன்னு போடலைன்னா இந்தியாவுக்கு மட்டும்தான்னு சட்டமே எடுத்துக்கும். நாளைக்கு சிங்கப்பூருக்கு எண்ணெய் அனுப்பறப்ப முழிக்க வேண்டாம், முழு காலத்துக்கும் எல்லா நாட்டுக்கும்னு ஒரு வரி சேர்த்துடுங்க.

இன்னொண்ணு, "சர்க்கரை நோய் தீரும், மூட்டுவலி போகும்"னு ஆர்வக் கோளாறுல எழுதித் தருவாங்க, போடவே போடாதீங்க. மாட்டினா எழுதினவங்களைத் தேட மாட்டாங்க, லேபிள்ல பேர் இருக்கற உங்களைத்தான் கேப்பாங்க. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல தப்பான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம் இருக்கு. "கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்"னு பெருமையா போடறதும் வேண்டாங்க, செடி கொடியில இருந்து எடுக்கற எந்த எண்ணெய்லயும்தான் அது கிடையாதே.

கேள்வி: சார், நான் தையல் கடை வெச்சிருக்கேன். நோட்டீஸும் சைட்டும் எழுதித் தரேன்னு ஒருத்தர் 5,000 அட்வான்ஸ் வாங்கிட்டு இப்ப போனே எடுக்கறதில்ல. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: கஷ்டம்மா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபாரத்துக்காக எடுத்த சேவைன்னா உங்களை நுகர்வோர்னு ஒத்துக்க மாட்டாங்க. பிழைப்புக்காக சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு ஒரு விலக்கு இருக்கு, ஆனா முன்னாடி சட்டத்துல பொருள், சேவை ரெண்டுக்கும் இருந்தது, இப்ப பொருள்னு மட்டும்தான் இருக்கு, எழுதித் தர்றது சேவைதானே. எதுக்கும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, காசு செலவில்ல. காசு அனுப்பின விவரம், பேசின வாட்ஸ்அப் எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டு, இத்தனாந்தேதிக்குள்ள வேலையையோ பணத்தையோ குடுங்கன்னு ஸ்பீட் போஸ்ட்ல ஒரு கடிதம் போடுங்க, அதுக்கே சில பேர் இறங்கி வருவாங்க. வக்கீல் வெச்சு சிவில் கேஸ்னு போனா 5,000க்கு மேலயே செலவாகும்.

அடுத்த தடவை அட்வான்ஸ் ஒரு பக்கத்துக்கான காசைத் தாண்ட வேண்டாம். பக்கம் வந்தா அன்னைக்கே ஜிபே பண்ணிட்டு அடுத்த பக்கத்தைக் குடுங்க, இழுத்தடிக்காதீங்க. காசு வராம ஏமாந்த எழுத்துக்காரங்க கதையும் எனக்கு நிறைய வருது, அவங்க பாதி அட்வான்ஸ் கேக்கறதே அந்த பயத்துலதான்.