பிடுங்கி நட்ட பனங்கன்று ஏன் பட்டுப்போகிறது?

நிலாவெளியில் மணல் வளவுக்குள் பனங்கன்றைப் பிடுங்கி நட்டேன், ஒரு மாதத்தில் பட்டுவிட்டது, என்ன பிழை என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை பிடுங்கியதில்தான். பனங்கொட்டையின் முளை மேலே வராது. வெள்ளைக் குழாய் போல நேரே கீழே ஒன்றிரண்டு அடி இறங்கும். கிழங்கும் குருத்தும் அதற்குள்ளேதான் உருவாகும். மண்வெட்டி அதை அறுத்தால் கதை முடிந்தது.

கொட்டையை நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். ஆவணி, புரட்டாதியில் விழும் பழத்தின் களியைப் பிசைந்தெடுத்துவிட்டு, மாரி தொடங்கமுன் நாலு அங்குல ஆழத்தில், குழிக்கு இரண்டு கொட்டை. மரத்துக்கு மரம் பத்தடி. வெள்ளம் நிற்கும் பள்ளம் வேண்டாம், அழுகிவிடும். முதல் ஓலை தலைகாட்டச் சில மாதமாகும்; முளைக்கவில்லையென்று கிளறிப் பார்க்காதீர்கள். முதல் கோடையில் மட்டும் கிழமைக்கொரு வாளி தண்ணீர் போதும்.

வடலியின், அதாவது இளம் பனையின், பச்சை ஓலையை வேலிக்கு வெட்டாதீர்கள். அந்தக் காயத்தில்தான் செவ்வண்டு முட்டையிடும். விரிந்த ஓலையில் கத்தரித்தாற்போல வெட்டுத் தெரிந்தால் அது காண்டாமிருக வண்டு. பக்கத்து எருக்குவியலைக் கிளறுங்கள், புழு அங்கேதான் இருக்கும்.

ஆணா பெண்ணா என்பது பாளை வந்தால்தான் தெரியும், அதற்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகலாம். நுங்கு பெண்பனையில்தான்; அது வேண்டுமென்றால் ஐந்தாறு கொட்டையாவது ஊன்றுங்கள்.