தலைமாட்டில் சார்பிட்ரேட் இருந்தால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 67, கணவருக்கு 74. கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் நாங்கள் இருவர் மட்டும் வசிக்கிறோம், பிள்ளைகள் வெளிநாட்டில். அவருக்குப் பத்து ஆண்டுகளாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. இதய நோய் இருப்பதாக எந்த மருத்துவரும் சொன்னதில்லை. சென்ற மாதம் எதிர்வீட்டுக்காரர் ‘வாயுதான்’ என்று சொல்லிக்கொண்டே விடியற்காலையில் இறந்துபோனார். அது முதல் இவர் தலைமாட்டில், நெஞ்சுவலிக்கு நாவடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை வைத்திருக்கிறார். தினமும் ஓர் ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார். நெஞ்சு வலித்தால் விடாமல் இருமினால் பிழைக்கலாம் என்று வாட்ஸ்ஆப்பில் வந்ததே, அது உண்மையா?

பதில்: அம்மா, இருமல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அது உண்மையன்று. மாரடைப்பு என்பது இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது. இருமுவதால் கட்டி கரையாது. ஆஞ்சியோகிராம் செய்யும் அறையில், இதயத்துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர், துடிப்பு திடீரெனத் தடுமாறும்போது நோயாளியைச் சில விநாடிகள் இருமச் சொல்வதுண்டு. அந்தச் செய்திதான் கைமாறிக் கைமாறி இப்படித் திரிந்திருக்கிறது. இருமும் நேரத்தில் 108-ஐ அழைத்துவிடலாம்.

ஆஸ்பிரினுக்கு இரண்டு வேலைகள் உண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இதய நோய் இல்லாத முதியவர் அதைத் தற்காப்பாகத் தினமும் உண்பதால் பயன் உண்டா என்று ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் ஆராய்ந்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாரடைப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. கடுமையான இரத்தக்கசிவு கூடியது. எனவே மருத்துவர் தனிக் காரணம் கண்டு எழுதித் தந்தாலன்றி உங்கள் கணவர் அதைத் தொடங்க வேண்டாம். ஆனால் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் இதைப் படித்துவிட்டுத் தங்கள் ஆஸ்பிரினை நிறுத்திவிடக் கூடாது. பல் பிடுங்குவதற்காக நிறுத்துவதென்றாலும் இதய மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். இரண்டாவது வேலை அவசரத்துக்கானது. மாரடைப்பு என்று ஐயம் எழுந்ததும், 108-ஐ அழைத்த பின், சுமார் 300 மி.கி. ஆஸ்பிரினை விழுங்காமல் மென்று தின்றால் அது விரைவில் இரத்தத்தில் கலந்து கட்டி மேலும் வளர்வதைத் தடுக்கும். ஒவ்வாமையோ இரத்தம் கசியும் குடற்புண்ணோ உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. வாய் கோணி, கை கால் இழுத்துக்கொண்டால் அது பக்கவாதமாக இருக்கலாம் என்பதால் அப்போதும் தரக் கூடாது. உங்கள் கணவருக்கு ஏற்றதா என்று அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சார்பிட்ரேட்டைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. அது குழாயைச் சற்று விரித்து வலியைத் தணிக்கும்; கட்டியைக் கரைக்காது. இரத்த அழுத்தத்தை அது சட்டென்று இறக்கிவிடுவதால், நின்றபடி நாவடியில் வைத்துக்கொண்ட முதியவர் மயங்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் நடக்கிறது. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாபில் (வயாகரா) வகை மாத்திரை உண்டிருப்பவருக்கு இது உயிருக்கே ஆபத்து. அந்த மாத்திரையை வீட்டில் யாரும் சொல்லிவிட்டு உண்பதில்லை என்பது வேறு சிக்கல். இவற்றையெல்லாம் விட, வலி சற்றுத் தணிந்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று படுத்துவிடுவதுதான் பெரிய கேடு. மருத்துவர் எழுதித் தராத சார்பிட்ரேட் தலைமாட்டில் இருக்க வேண்டியதில்லை.

இனி ‘வாயு’வுக்கு வருவோம். இதயத்தின் வலியும் இரைப்பையின் எரிச்சலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் உணரப்படுவதால், இரண்டையும் பிரித்தறிவது மருத்துவருக்கே எளிதன்று. சோடா குடித்து ஏப்பம் விட்டதும் இதமாக இருந்தது என்பது எதையும் நிரூபிக்காது. அதிலும் நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்புகள் மழுங்கியிருப்பதால் வலியே தெரியாமல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், காரணமற்ற பெருஞ்சோர்வு என்று மட்டும் மாரடைப்பு வெளிப்படலாம். பெண்களுக்கும் இது பொருந்தும் என்பதால், உங்களுக்கு இப்படி நேர்ந்தால் ‘வேலைக் களைப்பு’ என்று தள்ளிவிடாதீர்கள். தாடை முதல் தொப்புள் வரை எங்காவது அழுத்தமோ எரிச்சலோ ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்து, வியர்வையோ மூச்சிரைப்போ சேர்ந்துகொண்டால், அது வாயுவா இல்லையா என்று வீட்டில் விவாதிக்காமல் ஈசிஜி எடுக்கப் புறப்பட வேண்டும் என்று இருவரும் இன்றே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நள்ளிரவில் ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்று சொல்வது பெரும்பாலும் நோயாளியேதான். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் உடனே வீடு திரும்பிவிடக் கூடாது. சிறிது நேரம் கழித்து மறுபடி எடுத்து, இதயத்தசை சேதமானதைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் செய்த பிறகே மாரடைப்பு இல்லை என்று சொல்ல முடியும்.

கட்டியைக் கரைக்கும் ஊசியை வலி தொடங்கியதிலிருந்து 12 மணி நேரம் வரை போடலாம் என்றாலும், அதன் முழுப் பயன் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான். ஆகவே இரவிலும் ஈசிஜி எடுக்கும் இடம் எது, அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதி எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை இப்போதே விசாரித்து, எண்களைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் முதல் வேளை மருந்தாக ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகள் தருகிறார்கள். உங்கள் ஊர் நிலையம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டு வையுங்கள். இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார வைத்துப் போகாதீர்கள். ஒரு பையில் மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை, பழைய ஈசிஜி ஆகியவை இருக்கட்டும். புதியதோடு ஒப்பிட அந்தப் பழைய ஈசிஜி மிகவும் உதவும். தனியே இருப்பவர் 108-ஐ அழைத்ததும் தாழ்ப்பாளை நீக்கி, வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார வேண்டும். உங்கள் கணவர் நினைவிழந்து, மூச்சு நின்றுபோனாலோ திணறித் திணறி வந்தாலோ, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து செ.மீ. ஆழம் இறங்கும்படி அழுத்திக்கொண்டே இருங்கள்.

அன்றாடப் பழக்கங்களில் உப்பும் நடையும் உங்களுக்குத் தெரிந்தவையே: நாளுக்கு ஐந்து கிராம் உப்பு என்ற அளவை ஊறுகாய், அப்பளம், கருவாடு எளிதில் தாண்டவைக்கும். பலரும் கவனிக்காதது மூட்டுவலி மாத்திரை. கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், மாரடைப்பு வாய்ப்பையும் கூட்டும். பாராசிட்டமாலும் தைலமும் போதுமா என்று முதலில் பாருங்கள். இரத்த அழுத்தத்தை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு ஒரு முறையும், எழுந்து நின்று ஒரு முறையும் அளந்து குறித்து வையுங்கள். நிற்கும்போது மிகவும் இறங்கினால் மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும். ஆண்டுக்கொரு முறை இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்வது இதயத்துக்கும் நல்லது. நடையை மட்டும், குறிப்பாக மார்கழிக் குளிரில், வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விடியற்காலையில்தான் இரத்த அழுத்தம் இயல்பாகவே ஏறுகிறது, குளிர் அதை மேலும் ஏற்றும்.