நாடோடிக் கூட்டத்துக்கு ஊர் எழுதுவது எப்படி?

கேள்வி: ஒரு மிகுபுனைவு நாவல் எழுதி வருகிறேன். அதில் குதிரையும் ஆடும் வைத்துக்கொண்டு திரியும் ஒரு கூட்டம் வருகிறது. அவர்களுக்கு 3,000 ஆண்டு வரலாறு எழுதிவிட்டேன். அரசர்கள் பட்டியல், போர்கள் எல்லாம் இருக்கின்றன. படித்துப் பார்த்த நண்பர், "இவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்றே பிடிபடவில்லையே" என்கிறார். தாயகம் ஒன்றை எப்படி உருவாக்குவது? வரைபடம், வரலாறு, மொழி மூன்றும் சேர்த்து 25,000 ரூபாய்க்குச் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார், பணம் கொடுக்கலாமா? முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகர், கோவை

பதில்: கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

உங்கள் நண்பர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். நீங்கள்தான் வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குத்தி அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறீர்கள். மேய்ச்சல் கூட்டத்துக்கு அது நடக்கிற வழிதான் ஊர். ஈரானில் பக்தியாரி மக்களைப் பாருங்கள். கோடையில் ஜாக்ரோஸ் மலைகளின் உயரத்தில் மந்தையோடு இருப்பார்கள். குளிர் வருமுன் குஜஸ்தான் சமவெளிக்கு இறங்கிவிடுவார்கள். மேலே இருப்பது சர்த்சீர், குளிர்நிலம். கீழே இருப்பது கர்ம்சீர், வெப்பநிலம். இரண்டுமே அவர்களுடையவை. நடுவில் 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஜர்த் கூ மலை இருக்கிறது, கரூன் ஆறு இருக்கிறது. ஆட்டுத்தோலை ஊதிக் கட்டி, அதன் மேல் மிதவை செய்து, குட்டிகளையும் குழந்தைகளையும் ஏற்றி அந்த ஆற்றைக் கடந்தவர்கள் அவர்கள். இதில் எந்த இடத்தைத் தாயகம் என்று வட்டம் போடுவீர்கள்?

ஆகவே அரசர்கள் பட்டியலைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் நேரே மூன்று பதில் வேண்டும்: புல் எங்கே, தண்ணீர் எங்கே, அந்த நிலத்தில் ஏற்கெனவே இருப்பவர் யார். கதை மூன்றாவதில்தான் இருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்டு மேய்ப்பர்களான கீதாரிகள் அறுவடை முடிந்த தஞ்சை வயல்களில் ராத்திரி மந்தையை அடைத்துக் கிடை போடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆட்டுக்கு அறுத்த தாளும் புல்லும் கிடைக்கும், வயலுக்குப் புழுக்கை கிடைக்கும், கீதாரிக்கு ராத்திரிக் கணக்கில் பணமோ நெல்லோ கிடைக்கும். ஒரு வருஷம் அந்த வயல்காரர் வேண்டாம் என்றுவிட்டால் என்ன ஆகும்? உங்கள் கூட்டத்தின் முதல் போர் அங்கே தொடங்கட்டும்.

நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தில் ஆட்டு மந்தையோடு மொத்தக் கூட்டமும் இரண்டே ராத்திரியில் ஒரு பாலைவனத்தைக் கடக்கிறது. மேய்ந்துகொண்டே போகிற மந்தை ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடந்தாலே அதிகம். குட்டி போட்ட காலமாக இருந்தால் அதுவும் நடக்காது. குதிரைக்காரர்களை மட்டும் முன்னால் அனுப்புங்கள், மந்தை பின்னால் வரட்டும். பிரிந்திருக்கும் அந்த நாட்களில் உங்களுக்கு ஓர் அத்தியாயமே கிடைக்கும்.

ஆண்டுக் கணக்கும் அப்படித்தான் பிறக்கும். மங்கோலியாவில் குளிர்காலத்தில் கால்நடை கூட்டம் கூட்டமாகச் செத்துப்போகும் பேரழிவுக்கு ஜுத் என்று பெயர். அதிலும் வகைகள் உண்டு. பனி ஆழமாகப் பெய்து புல்லை மூடினால் வெள்ளை ஜுத். பனியே பெய்யாமல் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனால் கறுப்பு ஜுத். உருகிய பனி மறுபடி உறைந்து, விலங்கின் குளம்பால் உடைக்க முடியாத பாளமாகக் கிடந்தால் இரும்பு ஜுத். 2009–10 குளிர்காலத்தில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. இப்படி ஒரு குளிர்காலத்துக்குப் பிறகு ஒரு குடும்பம் எங்கே போகும், யாரிடம் கையேந்தும், யார் நிலத்துக்குள் நுழையும்? உங்கள் 3,000 ஆண்டுகளில் இப்படி நான்கு குளிர்காலங்கள் போதும், அரசர்கள் பாதிப் பேர் தேவையே இல்லை.

சரி, அந்த 25,000 ரூபாய் ஆளுக்கு வருகிறேன். இந்த வியாபாரம் இப்போது பெருகிவிட்டது. போன வருஷம் முதல் நாவல் எழுதும் ஒரு பெண் இப்படி வாங்கிய கோப்பு ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். நாற்பது பக்கம், வண்ண வரைபடம். அதில் ஓர் ஆறு, மலையின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது! குலப்பெயர்களில் ஒன்றையாவது வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, 'க்ஷ்', 'த்ர' என்று எல்லாம் ஒரே மாதிரி நெரிபட்டுக் கிடந்தன. இரண்டு மாதம் கழித்து வேறொருவர் அதே கோப்பைக் கொண்டுவந்தார். மலையும் போரும் ஆண்டுகளும் அப்படியே இருந்தன, பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார்கள். அந்தப் பெண் மூன்று மாதச் சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்த பணம் அது.

இதே ஆட்கள் அடுத்து, "உங்கள் இனக்குழுவின் பெயரையும் வரலாற்றையும் பதிவு செய்யாவிட்டால் திருடிவிடுவார்கள்" என்று பயமுறுத்துவார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் எழுதியதுமே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயம் இல்லை. செய்தே ஆக வேண்டும் என்றால் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், அரசின் இணையதளத்தில் நீங்களே செலுத்தலாம். 'ஆடு மேய்க்கும் ஒரு வீரக் கூட்டம்' என்ற வெறும் யோசனைக்கு யாரும் உரிமை வாங்கித் தர முடியாது. வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

பதிப்பகங்கள் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. கதையைப் படிக்குமுன்பே கற்பனை உலகத்தின் சுருக்கமும் காலவரிசையும் கேட்கிறார்கள். இளம் எழுத்தாளர்கள் தரகர்களிடம் போய் விழுவதற்கு அதுதான் காரணம். நூலகமாவது கைகொடுக்கும் என்றால் அதுவும் இல்லை. வெள்ளைக்காரர் காலத்து மாவட்ட விவரத் தொகுப்பான கெசட்டியர் ஒன்றைப் பார்க்க ஒரு நூலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன். முதல் தடவை பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள். அடுத்த தடவை கடிதத்தில் முத்திரை இல்லை என்றார்கள். மூன்றாவது தடவை சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். மக்கள் பணத்தில் வாங்கிய புத்தகத்தை மக்கள் தொடக் கூடாதா?

அந்தக் கெசட்டியர்கள் கையில் கிடைத்தாலும் எச்சரிக்கை வேண்டும், சில கூட்டங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்றே அவை எழுதும். உங்கள் கூட்டத்தில் ஒரு கிளையைப் 'பிறவித் திருடர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். பிறப்பிலேயே குற்றவாளி என்ற இந்தக் கருத்தைத்தான் 1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டமாக வெள்ளைக்காரர்கள் இயற்றினார்கள். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அலைந்து திரிந்து பிழைத்த எத்தனையோ குடும்பங்கள் ஊரைவிட்டு நகரக் காவல் நிலையத்தில் அனுமதி கேட்டு நின்றன. நாடு முழுவதும் அந்தச் சட்டம் நீங்கியது 1952 ஆகஸ்ட் 31 அன்றுதான். அந்தப் பழியை இன்றும் சுமக்கிறவர்களின் பேரப்பிள்ளைகளும் உங்கள் நாவலைப் படிக்கக்கூடும்.

இனி வரலாறு. உங்களுடையதில் பெரிய குறை, எல்லாரும் ஒரே வரலாற்றைச் சொல்வது. கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த மேய்ச்சல் கூட்டமான சிதியர்களின் தோற்றத்துக்குப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் மூன்று கதைகள் தருகிறார். வானத்திலிருந்து பொன்னால் ஆன ஏரும் நுகமும் கோடரியும் கிண்ணமும் விழுந்தன, தொடப்போன அண்ணன்மாரைச் சுட்டன, கடைசித் தம்பிக்கு மட்டும் அடங்கின என்பது சிதியர்களே சொன்னது. கிரேக்க வீரன் ஹெராக்கிளிசுக்கும் இடுப்புக்குக் கீழே பாம்பான ஒரு பெண்ணுக்கும் பிறந்தவர்கள் என்பது அங்கே குடியேறிய கிரேக்கர்கள் சொன்னது. ஆசியாவில் மசாகெட்டே கூட்டம் விரட்டியதால் வந்து, இருந்தவர்களைத் துரத்திவிட்டு உட்கார்ந்துகொண்டவர்கள் என்பது மூன்றாவது. அவரவர் கதை அவரவருக்கு லாபம். கிரேக்கர்களின் கதையில் சிதியர்கள் தங்கள் வீரனின் பிள்ளைகள் ஆகிவிடுகிறார்கள், கவனித்தீர்களா? முதல் கதையைப் பாருங்கள், ஏர் பிடிக்காதவர்கள் என்று நாம் நினைக்கும் கூட்டத்துக்கு வானத்திலிருந்து ஏர் விழுகிறது! உங்கள் கூட்டத்துக்கும் இப்படிப் பொருந்தாத ஒரு பொருளைக் கொடுத்துப் பாருங்கள்.

தேவைக்காகத் தாயகத்தையே புனைந்துகொண்டவர்களும் உண்டு. 1427 ஆகஸ்டில் பாரிஸ் வாசலுக்கு வந்த, ஐரோப்பாவில் அலைந்து திரிந்த ரோமா மக்களின் ஒரு கூட்டம், தாங்கள் கீழ் எகிப்திலிருந்து வருவதாகவும், பாவத்துக்குப் பரிகாரமாக ஏழு ஆண்டு அலையும்படி போப்பாண்டவர் சொன்னதாகவும் கூறியது. யாத்திரைக்காரர்களை விரட்டுவது அன்று சுலபமில்லை. அந்தக் கதை அவர்களுக்கு நுழைவுச்சீட்டாக இருந்தது. உண்மையான வழி அவர்கள் எண்ணுகிற எண்களில் இருந்தது. ரோமானி மொழியில் ஒன்று முதல் ஆறு வரை ஏக், துய், த்ரின், ஷ்தார், பஞ்ச், ஷோவ். இந்தியாவிலிருந்து போனவை என்று காதே சொல்லிவிடும். ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் எஃப்தா, ஒக்தோ, என்யா, மூன்றும் கிரேக்கம். பத்து மறுபடி தேஷ். கிரேக்க மொழி பேசும் நாட்டில் அவர்கள் எவ்வளவு நாள் தங்கியிருந்தால் எண்ணிக்கையின் நடுவிலேயே கிரேக்கம் புகுந்திருக்கும்! மொழிக்கென்று தனியாகப் பணம் கட்டாதீர்கள். உங்கள் கூட்டத்துக்கு ஒன்று முதல் பத்து வரை எண்களை உருவாக்குங்கள், அதில் மூன்றை எதிரி மொழியிலிருந்து எடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் வரைபடத்தில் புள்ளி வைக்கலாம். அது கல்லறை. கி.மு. 513 வாக்கில் பாரசீக மன்னன் டேரியஸ் பெரும்படையோடு சிதியர்களைத் துரத்தினான். அவர்கள் சண்டைக்கு நிற்காமல் விலகிக்கொண்டே போனார்கள். ஏன் ஓடுகிறாய் என்று கேட்டு அனுப்பியபோது, அவர்களின் அரசன் இடான்திர்சஸ் சொன்ன பதிலை ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். எங்களுக்கு ஊர் இல்லை, பயிர் இல்லை, அதைக் காக்க உன்னோடு போரிட வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் தகப்பன்மாரின் கல்லறைகள் இருக்கின்றன, அவற்றைக் கண்டுபிடித்துக் கைவைத்துப் பார், அப்போது போரிடுகிறோமா இல்லையா என்று தெரியும் என்பதுதான் அதன் சாரம். எல்லாம் நகர்ந்துகொண்டிருந்தாலும் செத்தவர்கள் நகர்வதில்லை. அல்தாய் மலையில் பசிரிக் என்னும் இடத்தில், மண்ணுக்குள் உறைந்திருந்த மேய்ச்சல்காரர்களின் கல்லறைகளை 1929லும் பிறகு 1940களின் கடைசியிலும் தோண்டினார்கள். மான்கொம்பு வைத்த முகமூடி மாட்டிய குதிரை, நெருக்கி முடிச்சிட்ட கம்பளி விரிப்பு, சுவரில் தொங்கவிடும் கம்பளித் துணி எல்லாம் கிடைத்தன. கூடாரத்தில் வாழ்ந்தவர்கள் மரம் அடுக்கி அறை கட்டியது செத்தவர்களுக்காக. உங்கள் கூட்டமும் எங்கே புதைக்கிறது, வருஷத்தில் எந்த மாதம் அந்த வழியாகப் போகிறது, குளிர்காலத்தில் செத்தவரின் உடலை அங்கே போய்ச் சேரும்வரை எப்படிச் சுமக்கிறது என்று யோசியுங்கள். நண்பர் கேட்ட ஊர் அங்கே வந்துவிடும். எரிக்கும் வழக்கம் உள்ள கூட்டம் என்றால் சாம்பல் கரைக்கும் துறை எது என்று எழுதுங்கள்.

உங்கள் முதல் அத்தியாயத்தில் கிழவி ஒருத்தி மாலையில் ஆடுகளை எண்ணிப் பட்டியில் அடைக்கிறாள். இப்போது அங்கே 'எண்ணினாள்' என்று ஒரே சொல்லில் தாண்டிப் போகிறீர்கள். அவள் வாய்விட்டு எண்ணட்டும். ஏழாவது எண்ணில் பேத்தி, "அது அவங்க சொல்றதுல்ல பாட்டி?" என்று கேட்கட்டும். அந்த ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதி எனக்கு மறுபடி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். அதற்குக் கட்டணம் கிடையாது.